ஒரு ஜெபமும் ஒரு பலகையும்

கேள்வி: எனக்கு வயது 51. மதுரையில் இருக்கிறேன். அப்பா மில் தொழிலாளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து வரை கன்னியர் நடத்திய கான்வென்ட்டில் படித்தேன். நாங்கள் இந்துக்கள். போன மாதம் கணவருக்கு ஸ்டென்ட் வைத்தபோது ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்து என்னையறியாமல் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்ட மாமியார், “நம்ம சாமியெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியலையா?” என்றார். இரவில் படுத்தால் அன்று யாரிடம் என்ன தப்பாகப் பேசினேன் என்று மனம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறது. தப்பே செய்யாதபோதும் ஸாரி கேட்கிறேன் என்று மகள் கோபப்படுகிறாள். எட்டாம் வகுப்பில் தமிழில் பேசியதற்காக என் கழுத்தில் பலகை மாட்டி, மதியம் வரை வராந்தாவில் நிறுத்தினார் தலைமையாசிரியை சிஸ்டர். மில் மூடியபோது எனக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டியவரும் அவர்தான். இப்போது அவருக்கு 84 வயது. பழைய மாணவிகள் கூட்டத்தில் அவரைக் கௌரவிக்கிறார்கள். நன்றியுரை சொல்ல என்னை அழைத்திருக்கிறார்கள். போகட்டுமா?
(பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: அன்புத் தோழிக்கு,

போங்கள். நன்றியுரையும் நீங்களே சொல்லுங்கள். எப்படிச் சொல்வது என்பதைக் கடைசியில் பேசுவோம்.

முதலில் அந்த ஜெபம். காலை அசெம்பிளியில் ஒரு தடவை என்று வைத்தாலும், பத்து வருடத்தில் இரண்டாயிரம் தடவையாவது அதைக் கேட்டிருப்பீர்கள். பயம் வரும்போது நாக்கு தனக்குப் பழகிய இடத்துக்குத்தான் ஓடும். அந்த ஜெபம் எப்படி முடிகிறது என்று நினைத்துப் பாருங்கள். ‘எங்களுக்காக இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும் வேண்டிக்கொள்ளும்.’ உள்ளே கணவர் படுத்திருக்க, வெளியே உட்கார்ந்து ஒரு தாயிடம் இதைத் தவிர வேறென்ன கேட்க முடியும்? அதில் துரோகம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. வேளாங்கண்ணிக்குக் காவி கட்டி நடந்துபோகும் கூட்டத்தில் எத்தனை இந்துக் குடும்பங்கள் என்பது உங்கள் மாமியாருக்கும் தெரிந்திருக்கும். அவரோடு வாதம் வேண்டாம். “அத்தை, பதட்டத்துல சின்ன வயசுல படிச்சதுதான் வாய்ல வந்துச்சு. உங்க மகனுக்காகத்தான் வேண்டிக்கிட்டேன்” என்று சொல்லிப் பாருங்கள். அன்று அவரும் அதே வாசலில் பயந்துபோய்த்தானே உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பள்ளியில் படித்ததால் நம் வழக்கத்தை விட்டுவிட்டோமோ என்ற சந்தேகம் உங்கள் கடிதத்தில் இழையோடுகிறது. அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியிலும், பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ சேர்க்கக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3)ஆம் பிரிவு. கத்தோலிக்கப் பிள்ளைகள் வேதப்பாடத்துக்குப் போக, நம்மைப் போன்றவர்களை நீதிபோதனை வகுப்பில் உட்கார வைத்ததும் அதனால்தான். அப்துல் கலாம் 1950 முதல் 1954 வரை திருச்சி புனித வளனார் கல்லூரியில் படித்தவர். ஹாஸ்டல் வார்டனாக இருந்த செக்வேரா பாதிரியார் இரவுதோறும் பைபிளோடு ஒவ்வொரு அறைக்கும் வந்து பையன்களைப் பார்த்துவிட்டுப் போவதையும், அவர் சொல்படி தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்கு அறை அறையாக நல்லெண்ணெய் கொடுத்ததையும் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவியர் சபை நடத்திய ஹாஸ்டலில், ராமேசுவரத்து முஸ்லிம் பையன் ஒருவன், இந்துப் பிள்ளைகளுக்கு நல்லெண்ணெய் போவதைப் பார்க்கிறான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

நானும் கான்வென்ட்டில் படித்தவள்தான். வீட்டு நோட்டில் பிள்ளையார் சுழி போடுவேன். பள்ளி நோட்டில், சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்தபடி, பக்கத்தின் மேலே ஜே.எம்.ஜே. என்று எழுதுவேன். இயேசு, மரி, சூசை. பரீட்சைத் தாளில் இரண்டையும் போட்டுவிட்டுத்தான் முதல் கேள்விக்கு வருவேன். அந்த வயதில் அவை இரண்டும் எனக்குள் சண்டை போட்டதே இல்லை.

உங்கள் இரவுக் கணக்குதான் எனக்குக் கவலை தருகிறது. தூங்கப் போகுமுன் அன்றைய நாளைத் திரும்பிப் பார்த்து, எங்கே தவறினோம் என்று தேடுவதற்கு ஆத்தும சோதனை என்று பெயர். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் அதை அன்றாடப் பயிற்சியாகவே வைத்தார். நல்ல பயிற்சிதான். ஆனால் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு அது அதோடு நிற்பதில்லை. சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் முழங்காலிட்டுச் சொல்வார்கள், சாமியார் மன்னிப்பு வழங்குவார், அபராதமாக மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொல்வார், அதோடு தீர்ந்தது. என் வகுப்புத் தோழிகள் கோயிலுக்குள் அழுத முகத்தோடு போய், வெளியே வந்ததும் புளியங்காய் பறிக்க ஓடுவார்கள். நான் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். ‘என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே’ என்று நெஞ்சில் தட்டிக்கொள்ள எனக்கும் தெரியும். ஆனால் ‘சரி, மன்னித்தாயிற்று, போய் விளையாடு’ என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை.

கான்வென்ட்டில் படித்த நம் போன்ற பெண்கள் பலருக்கு இப்படித்தான் ஆகியிருக்கிறது என்று நினைக்கிறேன். கணக்குப் பார்க்கக் கற்றுக்கொண்டோம், கணக்கை மூடக் கற்றுக்கொள்ளவில்லை. உங்கள் ஸாரியெல்லாம் அந்த மூடாத கணக்கிலிருந்து வருவதுதான். இன்றிரவு கணக்கு ஆரம்பித்ததும் ஒரு தாளில் எழுதுங்கள். உண்மையிலேயே ஒருவருக்கு வலி கொடுத்திருந்தால் நாளைக்கு அவரிடம் ஒரே ஒரு முறை மன்னிப்புக் கேளுங்கள். மற்றதையெல்லாம் கோடு போட்டு அடித்துவிட்டு, தாளை மடித்து வைத்துவிடுங்கள். ‘தீர்ந்தது’ என்று வாய்விட்டே சொல்லுங்கள். ஒரு மாதம் இப்படிச் செய்த பிறகும் தூக்கம் வராவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதற்கு யோசிக்கவே வேண்டாம்.

இனி அந்தப் பலகை. அது தவறு. உங்களுக்கு உதவிய கைதான் அதை மாட்டியது என்பதால் தவறு குறைந்துவிடாது. பதின்மூன்று வயதுப் பெண்ணை, தாய்மொழியில் பேசினாள் என்று ஊர் பார்க்க நிறுத்துவதை எந்த நல்லெண்ணமும் நியாயப்படுத்தாது. ‘கான்வென்ட் என்றால் அப்படித்தான்’ என்று சொல்பவர்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூலாகிய தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது. அதை ஆக்கிய அண்டிரிக் அடிகளார் இயேசு சபைக்காரர். 1732இல் சதுரகராதி என்ற தமிழ் அகராதியைத் தந்த வீரமாமுனிவரும் அதே சபைதான். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய தனிநாயகம் அடிகள் கத்தோலிக்கக் குரு. தமிழ்வழியிலேயே நடந்த, இன்றும் நடக்கிற கத்தோலிக்கப் பள்ளிகள் எத்தனையோ. அந்தப் பலகைக்குக் கிறிஸ்தவ வேதத்தில் வேர் கிடையாது. பிள்ளை இங்கிலீஷ் பேசினால்தான் பிழைக்கும் என்று அன்று எல்லோருக்கும் இருந்த பயம்தான் அது. பெற்றோரிடமும் இருந்தது, சிஸ்டர்களிடமும் இருந்தது. பயத்தைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

பரீட்சைக் கட்டணமும் உண்மைதான். உங்கள் அப்பாவுக்குக் கூலி நின்றபோது, யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல் கட்டியிருக்கிறார். அது இல்லையென்றால் பத்தாம் வகுப்புச் சான்றிதழே உங்கள் கையில் இருந்திருக்காது. இந்த இரண்டையும் கூட்டிக் கழித்து ஒரு விடை காண வேண்டும் என்றுதான் இத்தனை வருடமாகத் தவிக்கிறீர்கள். கழிக்காதீர்கள். நன்றியை நன்றியாகச் சொல்லுங்கள், வலியை வலியாகச் சொல்லுங்கள். ஆனால் ஒரே இடத்தில் வேண்டாம்.

மேடையில் கட்டணத்தைப் பற்றி மட்டும் பேசுங்கள். எந்த வருடம், வீட்டில் என்ன நிலைமை, அவர் உங்களைக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்பதையெல்லாம் விவரமாகச் சொல்லுங்கள். ‘ஏணியாக இருந்தார்’, ‘மெழுகுவர்த்தியாக உருகினார்’ போன்ற பேச்சு வேண்டாம். எண்பத்து நான்கு வயதுப் பெண்மணிக்குத் தான் செய்தது ஒருத்திக்கு நினைவிருக்கிறது என்று தெரிவதே போதும். பலகையைப் பற்றி அங்கே பேசக்கூடாது. நூறு பேர் முன்னால் ஒருவரை நிறுத்துவது எப்படி இருக்கும் என்று உங்களைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்?

அதற்கு ஒரு வாரம் முன்பு, அவர் தங்கியிருக்கும் மடத்துக்குப் போன் செய்து நேரம் கேட்டுப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, “சிஸ்டர், எட்டாம் வகுப்புல என் கழுத்துல பலகை மாட்டினீங்க. இன்னும் வலிக்குது. உங்ககிட்டயே சொல்லணும்னு தோணிச்சு” என்று மட்டும் சொல்லுங்கள். அழுகை வந்தால் வரட்டும். அவர் மன்னிப்புக் கேட்கலாம். நினைவில்லை என்று சொல்லலாம். “உன் நன்மைக்குத்தானே செய்தேன்” என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் திரும்ப வாதாட வேண்டாம். முடிந்ததும் ஸாரி மட்டும் கேட்டுவிடாதீர்கள்! எழுந்திருக்கும்போது அந்த வார்த்தை வாய்வரைக்கும் வரும்.

கூட்டத்துக்கு மகளையும் அழைத்துப் போங்கள். மாதா சிலை இருக்கும் கெபியில் பரீட்சைக்கு முன் நீங்களும் பேனாவை வைத்து எடுத்திருப்பீர்கள், அதை அவளுக்குக் காட்டுங்கள். அந்த வராந்தாவையும் காட்டுங்கள்.