அம்மாவின் வயிற்றுப்போக்கும் பித்த அமிலமும்

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. மார்ச்சளிக்காக ஒரு வாரம் ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்டது, ஆனால் பத்து நாளாக ஏழெட்டு முறை தண்ணீராகப் போகிறது. மருந்துக்கடையில் போக்கை நிறுத்தும் மாத்திரையும் ‘நல்ல பாக்டீரியா’ கேப்ஸ்யூலும் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, தேனி

பதில்: இதழ் அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்குத் தனியாகவும் எழுதிவிட்டேன். போக்கை நிறுத்தும் மாத்திரை வேண்டாம். கேப்ஸ்யூலை நம்பி நாளைக் கடத்தவும் வேண்டாம். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஆன்டிபயாடிக் போட்ட விவரத்தை வாய் திறந்ததும் முதலில் சொல்லுங்கள். மலத்தில், ஆன்டிபயாடிக்குக்குப் பிறகு இப்படிப் போக்கை உண்டாக்கக்கூடிய டிஃபிசில் என்ற பாக்டீரியாவின் நச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா எனக் கேளுங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கொழுப்பு செரிப்பதற்காகக் கல்லீரல் பித்த அமிலங்களைச் சுரக்கிறது. அவற்றில் ஒரு சிறு பங்கு பெருங்குடலுக்கு வந்து சேரும். அங்கே குடியிருக்கும் சில பாக்டீரியாக்கள் அதை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. மாறிய அமிலம் டிஃபிசிலை வளரவிடாது. மாறாத அமிலமோ, உறங்கிக் கிடக்கும் அதன் வித்துகளை முளைக்க வைக்கும். நுரையீரலுக்காகப் போட்ட மருந்து, குடலில் இந்த வேலையைச் செய்துவந்த பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. ஒரே அமிலம் காவலாவதும் எமனாவதும் அங்கே யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

நான் வார்டில் பணி பழகிய நாட்களில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இதே நோயோடு மூன்று முறை வந்து சேர்ந்தார். ஒவ்வொரு முறையும் டிஃபிசிலைக் கொல்ல வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தோம்; போக்கு நின்றது; மருந்து முடிந்த இரண்டாம் வாரம் திரும்பி வந்தது. “எனக்குள் இருந்த எதையோ துடைத்து எடுத்துவிட்டீர்கள், டாக்டர்” என்றார். அவர் சொன்னது முழு உண்மை என்று எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின.

2013இல் ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள், இப்படித் திரும்பத் திரும்ப அவதிப்பட்ட 16 பேருக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்து வடிகட்டி, மூக்கு வழிக் குழாயால் சிறுகுடலில் செலுத்திய ஆய்வை வெளியிட்டார்கள். முதல் முறையிலேயே 13 பேர் குணமடைந்தார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேருக்குத்தான் குணமானது. வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். முகம் சுளிக்காதீர்கள், உயிர் காத்த சிகிச்சை இது. ஆனால் வீட்டில் செய்து பார்க்கும் காரியமும் இல்லை. சரியாகச் சோதிக்காத மலத்திலிருந்து மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி பரவி அமெரிக்காவில் ஒருவர் இறந்துபோனதாக 2019இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

உங்கள் அம்மாவுக்கு இது முதல் முறை. டிஃபிசில் என்று உறுதியானாலும் மருந்திலேயே குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதுவரை உப்பு–சர்க்கரைக் கரைசலை விடாமல் கொடுங்கள். அவரைக் கவனிப்பவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். சானிடைசருக்கு இந்த வித்துகள் சாகாது.

கேள்வி: எனக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. குடல் பாக்டீரியாவால் முட்டையும் இதயத்துக்கு ஆகாது என்கிறார்களே?
— ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: மஞ்சள் கருவில் உள்ள கோலினையும் ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சியில் உள்ள கார்னிடினையும் சில குடல் பாக்டீரியாக்கள் டிரைமெத்திலமின் ஆக்குகின்றன. கெட்டுப்போன மீனில் அடிக்கும் வாடை இதனுடையதுதான். கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ. என்ற பொருளாக மாற்றுகிறது. இது ரத்தத்தில் கூடுவதற்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருப்பதை 2011இல் கிளீவ்லாந்து கிளினிக்கின் ஸ்டான்லி ஹேசன் குழு காட்டியது. பல ஆண்டுகள் இறைச்சியே தொடாதவருக்கு மாட்டிறைச்சி கொடுத்தபோது இந்தப் பொருள் அவர் உடலில் அதிகம் உண்டாகவில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் மீனிலேயே டி.எம்.ஏ.ஓ. உண்டு, மீனை யாரும் இதயத்துக்கு எதிரி என்பதில்லை. ஆகவே இதை வைத்து முட்டையை ஒதுக்க நான் சொல்ல மாட்டேன். ஆட்டிறைச்சியைக் குறையுங்கள். முட்டையின் எண்ணிக்கையை உங்கள் கொழுப்பு அளவைப் பார்த்து இதய மருத்துவர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: மலத்தை அனுப்பினால் குடல் பாக்டீரியா அறிக்கை தருகிறார்களாம். செய்துகொள்ளலாமா?
— ஒரு வாசகர், சிவகாசி

பதில்: நோய் இல்லாதவருக்கு அந்தப் பணம் வீண் என்பது என் கருத்து. பெயர்ப் பட்டியல் வரும். அதை வைத்து நாளைக்கு என்ன சமைப்பது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்ல முடிவது நார்ச்சத்தைப் பற்றித்தான். நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பாக்டீரியாக்கள் தயாரிக்கும் பியூட்டிரேட் பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருள். 2015இல் வெளியான ஆய்வில் 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு, கொழுப்பைக் குறைத்து, நார்ச்சத்தை நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக உயர்த்தினார்கள். இரண்டே வாரத்தில் பியூட்டிரேட் இரண்டரை மடங்கானது. அறிக்கைக்கு எடுத்து வைத்த பணத்தில் கொள்ளும் தட்டைப்பயறும் வாங்குங்கள். வாரம் மூன்று நாள் சுண்டலாகத் தொடங்குங்கள். வயிறு உப்பினால் அளவைப் பாதியாக்கி, இரண்டு வாரம் கழித்து மெல்லக் கூட்டுங்கள்.