ஊதாத் தவளை: கேட்டவர்களுக்குப் பதில்

ஊதாத் தவளையைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து எழுதுகிறேன்.

படத்தில் பார்த்தால் தவளை மாதிரியே இல்லையே?

தவளையேதான். சுமார் ஏழு செ.மீ. நீளம், உப்பிய உடம்பு, குட்டைக் கால், பொட்டுப் போன்ற கண். கூர்மூக்கின் நுனியில் வெள்ளையாக ஒரு முண்டு. மலையாளத்தில் இதற்குப் பாதாளத் தவளை, மாவேலித் தவளை என்றெல்லாம் பெயர். மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து, ஆண்டுக்கு ஒருமுறை மேலே வந்து போவதால், ஓணத்துக்குப் பாதாளத்திலிருந்து வந்து போகும் மாவேலியின், அதாவது மகாபலியின் பெயர். எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது.

2003 வரை யாருமே இதைப் பார்க்கவில்லையா?

மலைவாழ் மக்களுக்கு முன்பே தெரியும். தலைப்பிரட்டைகளைப் பிடித்துச் சமைக்கிற வழக்கமும் அவர்களிடம் உண்டு. அறிவியல் ஏட்டில்கூட 1918-இலேயே தலைப்பிரட்டை பதிவாகிவிட்டது. அது எந்தத் தவளையின் பிள்ளை என்பதுதான் தெரியாமல் இருந்தது. 2003-இல் ஆய்வாளர்கள் எஸ்.டி. பிஜுவும் ஃபிராங்கி போசுயிட்டும் இடுக்கியில் கிடைத்த வளர்ந்த தவளையை வைத்து 'நாசிகாபட்ராகஸ் சகியாத்ரென்சிஸ்' என்று பெயரிட்டார்கள். நாசிகா என்றால் மூக்கு, சகியாத்ரி என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை.

இதன் நெருங்கிய சொந்தம் நம் நாட்டில் இல்லை, கடலுக்கு அப்பால் செஷெல்ஸ் தீவுகளில் இருக்கிறது. அங்குள்ள தவளைகளில் ஒன்று விரல்நகம் அளவுதான் வளரும். இந்தியாவும் செஷெல்ஸும் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலத்து உறவு இது.

மண்ணுக்குள் சாப்பாடு?

கறையான். சின்ன வாய், வெளியே நீளும் நாக்கு. மூக்கால் கறையான் வழியைத் துளைத்து நக்கி எடுத்துக்கொள்ளும். சாப்பிடுவதற்காக மேலே வர வேண்டியதே இல்லை.

அப்புறம் எதற்காக வெளியே வருகிறது?

முட்டையிட. தென்மேற்குப் பருவமழைக்கு முந்தைய கோடை மழையில் ஈரம் இறங்கியதும், ஓடைக்கரை மண்ணுக்குள் இருந்தபடியே ஆண் கத்த ஆரம்பிக்கும். குரல் காதில் விழும், ஆளைக் காண முடியாது. பெண்ணைவிட ஆண் மிகச் சிறியது. பெண்ணின் இடுப்பைப் பிடித்துத் தொற்றிக்கொள்ளும். அந்தச் சுமையோடு பெண் ஓடைக்கு நடந்து, பாறை இடுக்கில் தேங்கிய நீரில் மூவாயிரத்துக்கும் மேல் முட்டைகள் இடும். வேலை முடிந்ததும் பின்னங்கால்களால் தோண்டி, பின்பக்கமாகவே மண்ணுக்குள் இறங்கிவிடும். மொத்த ஆண்டில் வெளியே தெரிவது சில நாட்கள் மட்டுமே.

ஆனால் எல்லோரும் பெரிய தவளையின் படத்தையே பகிர்கிறார்கள். பார்க்க வேண்டியது தலைப்பிரட்டை என்பேன். மற்றத் தலைப்பிரட்டைகள் தேங்கிய குட்டையில் நீந்திக்கொண்டிருக்கும்போது, இது பாய்ந்து விழும் நீரில் பாறையைக் கவ்விக்கொண்டு கிடக்கிறது. அடிப்பக்கம் முழுக்க வாய். உறிஞ்சி ஒட்டிக்கொண்டால் வெள்ளமே வந்தாலும் பிடி விடாது. ஒட்டியபடியே பாசியைச் சுரண்டித் தின்னும். ஏறக்குறைய 100 நாள் இப்படி. பிறகு கால் முளைத்து, மண்ணுக்குள் போய்விடும்.

தமிழ்நாட்டில் உண்டா?

உண்டு, அதுவும் தனி இனமாக. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம், மலையின் கிழக்குச் சரிவில் கிடைத்ததை 2017-இல் 'நாசிகாபட்ராகஸ் பூபதி' என்று விவரித்தார்கள். களப்பணியின்போது 2014-இல் இறந்துபோன ஆய்வாளர் சுப்பிரமணியன் பூபதியின் நினைவாக வைத்த பெயர். மலைக்கு அந்தப் பக்கத்துத் தவளை தென்மேற்கு மழையை நம்புகிறது, நம் பக்கத்தது வடகிழக்கு மழையை. மலைமுகடு ஒன்று நடுவில் நிற்பதால் இரண்டுக்கும் முட்டையிடும் காலமே வேறாகிவிட்டது. இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

மலைச் சாலையில் இரண்டு நசுங்கிக் கிடந்தன. இதுவாக இருக்குமா?

மழைக்காலத் தொடக்கத்தில், ஓடைக்குப் பக்கத்தில் என்றால் இருக்கலாம். பெண் மெதுவாகத்தான் நடக்கும், முதுகில் ஆண் வேறு. ஒன்று அடிபட்டால் அந்த ஆண்டின் முட்டைகளும் போயின. தடுப்பணை இன்னொரு தொல்லை: நீர் தேங்கினால் தலைப்பிரட்டை ஒட்டி வாழும் வேக நீரே இல்லாமல் போகும்.

நேரில் பார்க்க என்ன செய்யலாம்?

தயவுசெய்து தோண்டிப் பார்க்காதீர்கள். சில சமயம் மூன்று மீட்டருக்கும் கீழே இருக்கும், கிடைக்கவும் கிடைக்காது. மழை தொடங்கிச் சில வாரம் கழித்து, வனத்துறை அனுமதியோடு, மலையோடை ஓரமாக நின்று நீர் வழியும் பாறைகளைப் பாருங்கள். கருப்பாக, வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தால் அவைதான். ஈரப் பாறைமேல் மட்டும் கால் வைக்காதீர்கள்.