ஓடிபி சொல்லிவிட்டேன், மொத்தப் பணமும் என் தலையிலா?

கேள்வி: ஈரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன மாதம், ‘உங்கள் கிரெடிட் கார்டு ரிவார்டு பாயின்ட் இன்றோடு காலாவதி’ என்று ஒருவர் போனில் பேசினார். என் பெயர், கார்டின் கடைசி நான்கு எண்கள் எல்லாம் சரியாகச் சொன்னார். நம்பி மீதி எண்கள், சிவிவி, இரண்டு ஓடிபி கொடுத்துவிட்டேன். 24,900 ரூபாய், 19,800 ரூபாய் என இரண்டு தடவை போனது. பதறிப்போய் 4.25-க்கு வங்கியின் உதவி எண்ணில் புகார் சொன்னேன். அப்புறமும் 4.40-க்கு ஒரு வெளிநாட்டு இணையதளத்தில் 31,000 போயிருக்கிறது. அதற்கு ஓடிபியே வரவில்லை. மூன்றையும் நானே கட்ட வேண்டும் என்று வங்கி கடிதம் அனுப்பிவிட்டது. ‘ஓடிபி சொல்லவே இல்லை என்று எழுதிக் கொடு’ என்கிறார் என் தம்பி. எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். ஓடிபி எத்தனை மணிக்கு உங்கள் போனுக்கு வந்தது, எத்தனை மணிக்குப் பயன்பட்டது என்ற பதிவு வங்கியிடம் இருக்கும். ஒரு பொய் பிடிபட்டால், நியாயமாக உங்களுக்கு வர வேண்டிய 31,000-மும் சிக்கலாகிவிடும்.

ஆமாம், அந்தத் தொகை உங்களுக்கு வர வேண்டியதுதான். ரிசர்வ் வங்கி 2017-ல் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்த இழப்பு, அவர் வங்கிக்குத் தகவல் சொல்லும் வரைதான் அவருடையது. சொன்ன பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. உங்கள் வழக்கே அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் இருக்கிறது. 4.25 புகாருக்கு வந்த எஸ்எம்எஸ்ஸையும் புகார் எண்ணையும் அழித்துவிடாதீர்கள். போனின் அழைப்புப் பட்டியலையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

முதல் இரண்டு தொகைகளை வங்கியிடம் வாங்குவது கடினம். ஓடிபி வந்த எஸ்எம்எஸ்ஸை இப்போது திறந்து பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தொகையும் கடையின் பெயரும் இருக்கும். பாயின்ட் கொடுக்கிறவனுக்கு எதற்கு 24,900? அந்த அவசரத்தில் யாரும் படிப்பதில்லை, அவனுக்கும் அது தெரியும். அந்தப் பணத்துக்குப் போலீஸ்தான் வழி. சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அன்றைக்கே பேசியிருந்தால் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு அதிகம். பரவாயில்லை, இப்போதாவது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்யுங்கள். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றியதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு.

வங்கி கைவிரித்துவிட்டதால் நேரே ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் (வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை. வக்கீல் மூலம் போடவும் முடியாது, ஆகவே எனக்கும் இதில் ஃபீஸ் கிடையாது! மூன்று பரிவர்த்தனைகளையும் நேரத்தோடு தனித்தனியாக எழுதுங்கள். ஓடிபி கொடுத்ததை ஒப்புக்கொண்டே, மூன்றாவதை மட்டும் அழுத்திக் கேளுங்கள். மோசடி என்று நீங்கள் ஆட்சேபித்த தொகைக்கு, பிரச்சினை தீரும் வரை கட்டணம் போடக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதிதான். பில்லில் அபராதம் ஏறியிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்களாகச் செலவு செய்த பாக்கியை மட்டும் தேதி தவறாமல் கட்டிவிடுங்கள்.

புதுக் கார்டு வந்ததும், வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவிடுங்கள். தையல் கடைக்கு அது எதற்கு?