எத்தியோப்பியக் கிறிஸ்தவர்கள் வருடத்தில் பாதி நாள் நோன்பு இருப்பார்களாமே, அந்த நாட்களில் என்ன சமைப்பார்கள்?

கணக்கு சரிதான். எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் தெவாஹெதோ சபையில் சாதாரண மக்களுக்கே சுமார் 180 நாட்கள் நோன்பு; குருமார்களுக்கும் துறவிகளுக்கும் 250 வரை போகும். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய நோன்பு மட்டும் 55 நாட்கள். ஆகஸ்டில் மரியன்னைக்காக ஃபில்செத்தா, ஜனவரி 7 கிறிஸ்துமஸுக்கு முன் இன்னொரு நீண்ட நோன்பு. இவை போக, ஈஸ்டரை அடுத்த 50 நாட்கள் தவிர, எல்லாப் புதனும் வெள்ளியும்.

இறைச்சி, பால், வெண்ணெய், முட்டை கிடையாது. கண்டிப்பாக இருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை தண்ணீர்கூடத் தொடமாட்டார்கள். உள்ளூர்க் கணக்கில் அது 9 மணி. அங்கே விடியலிலிருந்து மணியை எண்ணுவார்கள். சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், நோயாளிகளுக்கு விலக்கு உண்டு.

நோன்புச் சாப்பாட்டைப் பத்தியச் சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். அந்நாட்டுச் சமையலின் கைப்பக்குவம் முழுக்க இதில்தான் தெரியும் என்பேன். வெண்ணெய் தர வேண்டிய கெட்டித்தன்மையை வெங்காயம் தந்துவிடுகிறது. மிசிர் வோத் என்ற பருப்புக் குழம்பு செய்ய 1 கப் மைசூர்ப் பருப்புக்கு 2 பெரிய வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, எண்ணெயே இல்லாமல் சிறு தீயில் 15 நிமிடம் வதக்க வேண்டும். அடிபிடித்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம். குழைந்த பிறகே கால் கப் எண்ணெய், 2 மேசைக்கரண்டி பெர்பெரே. பலருக்குக் கெடுவது இந்த இடத்தில்தான். மிளகாயும் வெந்தயமும் சேர்ந்த பொடி அது; வறண்ட சூட்டில் கருகினால் குழம்பே கசக்கும். தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டு, கருஞ்சிவப்பு வரும்வரை வதக்கி, பூண்டு, இஞ்சி, பருப்பு, 3 கப் தண்ணீர் சேர்த்து வேகவிடுங்கள். உப்பு கடைசியில்.

குழம்போடு சாப்பிடும் இன்ஜெரா என்ற அப்பத்துக்கு, தெஃப் என்ற சிறுதானியத்தின் மாவைத் தண்ணீரில் கரைத்து, பழைய மாவின் மேல் தெளிந்த எர்ஷோ என்ற புளித்த நீரைச் சேர்த்து 2, 3 நாள் புளிக்க விடுவார்கள். மேலே தேங்கும் நீரை இறுத்து, அடுத்த முறைக்குக் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். பிறகு ஒரு கரண்டி மாவைத் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி, ஆறவைத்து, மாவிலேயே கலப்பார்கள். இதுதான் அப்சித். இதை விட்டுவிட்டால் 'கண்கள்' எனப்படும் துளைகள் சரியாக விழாது. மாவு மறுபடி பொங்கியதும் சூடான மிதாத் கல்லில் விளிம்பிலிருந்து நடுவுக்குச் சுற்றி ஊற்றி, கண் விழுந்த பிறகே மூட வேண்டும். முந்தி மூடினால் பிசுபிசுக்கும். ஆப்பம் போலத்தான், திருப்பிப் போடுவதில்லை.

உணவகத்தில் 'யெ ட்ஸோம் பெயாய்நெத்து' என்று கேளுங்கள். ஒரே இன்ஜெராமேல் மிசிர், கடலை மாவில் செய்யும் ஷிரோ, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைகோஸ் எல்லாம் வரும். சைவர்களுக்கு இது வரப்பிரசாதம். நோன்பில்லாத நாளில் மட்டும் ஷிரோவிலோ மற்றவற்றிலோ வெண்ணெய் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பால் பொருள் தவிர்ப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.