சங்கப் பாட்டும் தங்கையின் பங்கும்

கேள்வி: ஔவையாரும் வெள்ளிவீதியாரும் பாடிய காலத்திலேயே தமிழ்ப் பெண்கள் சுதந்திரமாகத்தான் இருந்தார்கள். கட்டிக்கொடுத்த தங்கை, அண்ணனின் தேயிலைத் தோட்டத்தில் பங்கு கேட்பதெல்லாம் இப்போது வந்த பழக்கம்தானே? – ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: பொன்முடியார், ஒக்கூர் மாசாத்தியார் பெயர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பெருமைதான். ஆனால் புறநானூற்றின் 246ஆம் பாட்டையும் படியுங்கள். பாடியவர் பூதப்பாண்டியனின் தேவி பெருங்கோப்பெண்டு. கணவனின் சிதையில் விழப்போகும் தன்னைத் தடுத்த சான்றோரை, 'பொல்லாச் சூழ்ச்சிப் பல்சான் றீரே' என்று கடிகிறார். உயிரோடு இருந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் அவரே சொல்லிவிடுகிறார்: நெய் படாத, நீரிலிருந்து கையால் பிழிந்தெடுத்த சோறு, எள்ளுத் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாய்கூட இல்லாமல் பரற்கல் மேல் படுக்கை. அரசிக்கே இந்தக் கதி. பாடும் திறமையும் அவையில் மதிப்பும் இருந்தன. கணவன் போனபின் நல்ல சோற்றுக்கும் ஒரு பாய்க்கும் வழியில்லை. இதைச் சுதந்திரம் என்று என்னால் எழுத முடியாது.

அடுத்து, 'அண்ணனின் தோட்டம்' என்கிறீர்கள். அப்பா தன் உழைப்பில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால் அது அண்ணனுக்கு மட்டும் உரியதாகாது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன், மகள் எல்லாருக்கும் சமபங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929லேயே செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. இது எப்படி இப்போது வந்த பழக்கம்?

பூர்வீகச் சொத்தில் மகளையும் பங்காளி ஆக்கிய தமிழ்நாட்டுத் திருத்தம் 25.3.1989இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே மணமானவர்களை அது விட்டுவிட்டது. 9.9.2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தத் தடையையும் எடுத்தது. அன்றைக்கு அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் 20.12.2004க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையையும் விற்பனையையும் கிளற முடியாது. தோடர், கோத்தர், இருளர், குறும்பர் போன்ற பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் நேரடியாகப் பொருந்தாது. அவர்கள் தனியாக வழக்கறிஞரைக் கேட்க வேண்டும்.

சட்டம் இருந்தும் பங்கு எங்கே போகிறது? காரியம் முடிந்த கையோடு, 'பட்டா மாற்றத்துக்கு ஒரு கையெழுத்து' என்று தங்கைகளைப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறார்களே, அங்கேதான். நீட்டுவது விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம். பட்டா மாற்ற அது தேவையே இல்லை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழை வைத்து எல்லார் பெயரிலும் கூட்டுப்பட்டா வாங்கலாம். அந்தச் சான்றிதழில் மணமான மகளின் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு வில்லங்கச் சான்று போட்டு, ஏற்கெனவே என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பட்டா அண்ணன் பெயரில் மட்டும் இருப்பதால் தங்கையின் பங்கு அழிந்துவிடாது. பதிவான விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை வேறு. ஏமாற்றி வாங்கியது என்று அவர்தான் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். அதுவும் விஷயம் தெரிந்த 3 ஆண்டுகளுக்குள்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பத்திரம் தயாராக இருந்தால், அதைத் தங்கையின் கையில் கொடுத்து, ஒரு வழக்கறிஞரிடம் காட்டி வரச் சொல்லுங்கள். அதன்பிறகு கையெழுத்துக் கேளுங்கள்.