கருவில் உள்ள செல்லுக்கு எங்கே போக வேண்டும், என்ன ஆக வேண்டும் என்று எப்படித் தெரிகிறது?

கருவின் தொடக்க நாட்களில் பல செல்கள் பிறந்த இடத்திலேயே தங்குவதில்லை, ஊர்ந்து வேறு இடம் போகின்றன. இது செல் இடப்பெயர்ச்சி. அப்புறம் நரம்பாகவோ எலும்பாகவோ மாறுவது சிறப்பாக்கம்.

எங்கள் கம்பம் பக்கம் விடியற்காலையில் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு மலையேறும். ஒரே தெருவில் ஏறியவர்கள்தான். ஆனால் ஒருவருக்குக் காய் எடுப்பு, இன்னொருவருக்குக் களை வெட்டு. இறங்கிய இடத்தில் கங்காணி சொல்வதுதான் வேலை.

கருவில் கங்காணி, அக்கம்பக்கத்துச் செல்கள். அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் வழி காட்டுகின்றன. செல்லுக்குள் சில மரபணுக்களை இயக்கி, சிலவற்றை அடக்குகின்றன.

நரம்பு முகட்டுச் செல்களைப் பாருங்கள். 1868-ல் சுவிஸ் உடற்கூறியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ் கோழிக் கருவில் கண்டவை. முதுகுப்புறத்தில் கிளம்பி தோலின் நிறச் செல், முக எலும்பு, குடல் நரம்பு வரை ஆகின்றன. பிரெஞ்சு உயிரியலாளர் நிக்கோல் லெ துவாரன் காடைச் செல்களைக் கோழிக் கருவில் பதித்தார். காடைச் செல்லின் உட்கரு நுண்ணோக்கியில் தனித்துத் தெரியும், அதனால் யார் எங்கே போனார்கள் என்று பின்தொடர முடிந்தது. இடம் மாற்றிப் பதித்தவற்றில் பல, புது இடத்து வேலையையே செய்தன. எல்லாம் அல்ல, தலைக்குக் கீழே, உடற்பகுதியில் கிளம்பும் முகட்டுச் செல்களைத் தலையில் வைத்தால் முக எலும்பு வருவதில்லை. ஊரிலேயே கொஞ்சம் தொழில் கற்று வந்தவை போலிருக்கிறது!

சரி, நரம்புச் செல் ஆனதும் மற்ற மரபணுக்கள் அழிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அழிவதில்லை, அணைந்து கிடக்கின்றன.