ஸ்டாம்பை வெட்ட வேண்டாம்

பெரம்பூர் நண்பரே, தாத்தாவின் ஆல்பத்தில் உள்ள பழைய கிறிஸ்துமஸ் தபால் அட்டைகளில் பாதி பசையோடு ஒட்டிக்கிடக்கின்றன, ஒருவர் ஸ்டாம்பை மட்டும் வெட்டிக் கொடுத்தால் காசு தருகிறேன் என்கிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள். ஸ்டாம்பு, அதன் மேல் குத்திய தபால் முத்திரை, எழுத்து எல்லாம் சேர்ந்திருந்தால்தான் அட்டைக்கு மதிப்பு, வெட்டினால் ஸ்டாம்பு, அட்டை இரண்டுமே போச்சு.

ஒட்டாத அட்டைகளைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் நடுவில் கோடு போட்டு, செய்திக்கு ஒரு பாதி, முகவரிக்கு ஒரு பாதி என்று இருந்தால், பிரிட்டன் அட்டை என்றால் 1902க்குப் பிறகு அச்சானது, அமெரிக்க அட்டை என்றால் 1907க்குப் பிறகு. 'ஜெர்மனியில் அச்சிட்டது' என்று பொடி எழுத்து இருந்தால் பெரும்பாலும் 1914 போருக்கு முந்தைய சரக்கு. அப்புறம் ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். வரிசை பிசகாத நுண்புள்ளிகளாகத் தெரிந்தால் பின்னாளைய மறுபதிப்பாக இருக்கலாம், பழைய கல்லச்சில் (கல்லில் படம் வரைந்து அச்சிடும் முறை) புள்ளிகள் தாறுமாறாகக் கிடக்கும்.

ஒட்டியதைப் பிரிக்கத் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். ராயபுரம் வீட்டில் நான் அதைச் செய்து, அட்டையில் புடைப்பாக இருந்த மணிப் படங்கள் அப்பளமாகத் தட்டையாகி, பின்னால் எழுதியிருந்த மை நீலக் குழம்பாக ஓடியதைப் பார்த்தவன். ஆல்பத் தாளையே அட்டையைச் சுற்றி வெட்டி எடுத்து அப்படியே வையுங்கள், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

பிவிசி என்கிற பிளாஸ்டிக் உறை வேண்டாம், நம் பக்கத்துக் கடல்காற்று ஈரத்தில் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை வாங்கி, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். வெயிலிலும் காயவைக்காதீர்கள்.